கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பிய பெட்டி

கேத்தரின் ஆன்ட்டி இப்போதெல்லாம் கன்டெய்னர் கதவில் கை வைப்பதில்லை. சீல் போடுகிறார், அதன் எண்ணைச் சத்தமாகப் படிக்கிறார், போட்டோ எடுக்கிறார், டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிடுகிறார். முன்பு இத்தனைக்கும் பிறகு ஒரு காரியம் பாக்கி இருக்கும். வலது உள்ளங்கையை அந்த இரும்புக் கதவில் பதித்து, கண்ணை மூடி, ஒரு சின்ன ஜெபம் சொல்லும் நேரம் நிற்பார். அதுவரை டிரைவர்கள் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள். அவசரக்காரர்கள்கூட.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். காக்ஸ் டவுனில், சர்ச்சுக்குப் பின் தெருவில், ஓட்டுக் கூரையும் மரத்தடுப்பு ஜன்னலுமான பழைய வீடு. பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் பெங்களூருக்குத் திரும்பியபோது கிடைத்த அறை அது. மூன்று மாதத்துக்கு என்று சொல்லி வந்தேன். இன்னும் பெட்டியை முழுதாகப் பிரிக்கவில்லை, கிளம்பவும் இல்லை.

ஆன்ட்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் இறந்துவிட்டார். மகன் புனேயில் வேலையில் இருக்கிறான். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆடுகோடி வரை போய், அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, கம்பெனி பஸ் பிடிப்பார். அங்கிருந்து ஓசூர் ரோடு முழுக்க நெரிசலில் ஊர்ந்து அத்திபெலே. லாரிகளில் அதிர்வு தாங்குகிற ரப்பர் புஷ் செய்கிற தொழிற்சாலை. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர், பில் போட்டு, பேக்கிங் பார்த்து, கடைசியில் ஏற்றுமதி டெஸ்பேட்ச் முழுவதும் அவர் கைக்கு வந்தது. கேட்டில் கன்னடம், லோடிங் மேடையில் தமிழ், போனில் இங்கிலீஷ். மூன்றிலும் ஒரே குரலில், மெதுவாகத்தான் பேசுவார்.

போன வருடம் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். சுங்கத்துறை தருகிற நம்பிக்கைக்குரிய வணிகர் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஒப்பந்தம் வேறு ஒருவருக்கு. ஏ.இ.ஓ. என்று தொழிற்சாலையில் எல்லோரும் மூன்று எழுத்தில் சொன்னார்கள். அது இருக்கிற கம்பெனியின் கன்டெய்னர் பெட்டிகளைத் துறைமுகத்தில் அதிகம் நிறுத்திப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் நடுவே அந்தப் பெட்டிக்குள் யாரும் எதையும் வைக்கவோ எடுக்கவோ முடியாது என்று கம்பெனி காட்ட வேண்டும். வேலி, கேமரா, கேட் பதிவு, சீல், எல்லாம். சரக்கைத் தொடுகிற ஒவ்வொரு ஆளையும் விசாரித்து, இவர் நம்பகமானவர் என்று ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

முதலாளி ஸ்ரீகண்டன் இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று மீட்டிங்கில் கேட்டபோது எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "அப்ப கேத்தரின், நீங்கதான்" என்றாராம். அப்படித்தான் ஆன்ட்டி செக்யூரிட்டி இன்சார்ஜ் ஆனார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு என்னிடம், "உனக்கு இங்கிலீஷ் நல்லா வருமே, இந்த செக்யூரிட்டி மேனுவலைக் கொஞ்சம் டைப் பண்ணிக் கொடு" என்றார். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன்.

லோடிங் மேடையின் மேஸ்திரி சுந்தரம். தர்மபுரிப் பக்கத்துக்காரர். அத்திபெலேயிலேயே வீடு, மனைவி அம்புஜம், காலேஜில் படிக்கிற ஒரு பெண். ஆன்ட்டியும் அவரும் ஒன்றாகவே அந்த மேடையில் வயதானவர்கள். சுந்தரத்துக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது ஆன்ட்டிதான். போடும்போது யோசிக்கவே இல்லை என்றார்.

ஆனால் சுந்தரத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பல வருடம் முன்னால் ஒரு முழு லோடு கடலைத் தாண்டிப் போய், தரம் சரியில்லை என்று அப்படியே திரும்பி வந்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் யாருக்கும் ஓவர்டைம் இல்லை. அந்த வருட ஆயுத பூஜை அன்று சுந்தரம் மஞ்சள் துணியில் கொஞ்சம் பொரி, ஒரு எலுமிச்சம்பழம், குங்குமம், இரண்டு துளசி இலை முடிந்து, கன்டெய்னரில் கடைசி வரிசைச் சரக்குக்குப் பின்னால் வைத்தார். பூஜை அன்று எந்தக் கன்டெய்னர் மேடையில் நிற்கிறதோ அதற்கு ஒரு முடிச்சு. ஆன்ட்டி கதவில் கை வைக்கத் தொடங்கியதும் அதே வருடம்தான். அதன் பிறகு எந்தப் பெட்டியும் திரும்பி வரவில்லை.

"உங்க கையா, என் முடிச்சானு கடலுக்குத்தாம்மா தெரியும்" என்பாராம் சுந்தரம்.

மேனுவல் எழுதும்போது இந்த வழக்கம் குறுக்கே வந்து நின்றது. பெட்டிக்குள் பில்லில் இல்லாத எதுவும் போகக் கூடாது. அதிலும் பழம், இலை, தானியம் என்றால் அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் பெரிய தலைவலி. ஆன்ட்டி சுந்தரத்தைக் கூப்பிட்டுச் சொன்ன அன்று நானும் டைப் செய்த தாள்களைக் கொடுக்க அங்கே போயிருந்தேன்.

"இந்த வருஷம் முடிச்சு வேணாம் சுந்தரம்."

"வேணாம்னா வேணாம்மா."

"கோவமா?"

"கோவம் என்னாத்துக்கு? ஒண்ணு கேக்கறேன். நீங்க கதவுல கை வெச்சு ஜெபம் பண்றத மேனுவல்ல எழுதினீங்களா?"

"அது வெளியிலதானே வைக்கிறேன்."

"அப்ப நானும் வெளிய ஒரு குங்குமப் பொட்டு வெக்கலாமா? அதுக்கு பர்மிஷன் உண்டா?"

ஆன்ட்டி சிரித்துவிட்டார். "வெளியே வெச்சுக்கோ. உள்ள எதுவும் கூடாது. எனக்கு வாக்குக் கொடு."

"கொடுத்தாச்சு போங்க" என்று சுந்தரம் தலையை ஆட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

அரசாங்க விடுமுறைக்கு முந்தின நாளே அந்தத் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. அன்று கேட் திறந்துவிடப்படும். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பட்டுச் சேலையில் வருவார்கள். பிள்ளைகள் ஃபோர்க்லிஃப்ட் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்பா வேலை செய்கிற மெஷினைத் தொட்டுப் பார்ப்பார்கள். இந்த வருடம் லோடிங் மேடையைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டி யாரும் வரக் கூடாது. கேட்டில் பெயர் எழுதி, கழுத்தில் அட்டை மாட்டி அனுப்பினார்கள். மாலை போட்ட கழுத்தில் அட்டையும் தொங்கியது.

ஆன்ட்டி கூப்பிட்டு நானும் போயிருந்தேன். முணுமுணுப்பு இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பிரபா, பெங்களூர்ப் பாணியில் எல்லோரையும் குரு என்பவன், எனக்குக் கேட்கும்படியே சொன்னான்: "அடுத்த வருஷம் சாமிக்கும் ஐடி கார்டு, குரு. இல்லேன்னா கேட்லயே நிப்பாட்டிடுவாங்க."

பக்கத்தில் ஒருவர், "அவங்க சாமி வேற. அவங்களுக்கு என்ன" என்றார்.

சுந்தரம் திரும்பினார். "வாய மூடுறா. அவங்க கை வெச்ச பொட்டி இதுவரைக்கும் ஒண்ணாவது திரும்பி வந்துச்சா? வேலையப் பாரு."

ஆன்ட்டி காதில் இது விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் கொஞ்சம் தள்ளி, சரக்கு அடுக்கிய பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மேடைத் தூண்களில் வாழைக்கன்று கட்டினார்கள். ஃபோர்க்லிஃப்டுக்குப் பொட்டு, எடை மெஷினுக்குப் பொட்டு. பூசணிக்காய் உடைத்தார்கள். கன்டெய்னரில் கடைசி வரிசை ஏறியது, கதவு சாத்தப்பட்டது. ஆன்ட்டி சீலைப் பூட்டி எண்ணைப் படித்தார். சுந்தரம் தாழ்ப்பாள் கம்பியின் கீழ் முனையில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தார். ஆன்ட்டி கை வைத்து நின்றார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, டிரைவர் நாகேஷ் வண்டியை எடுத்தார். சென்னைத் துறைமுகத்துக்கு.

பிறகு பொரியும் கடலையும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். கேன்டீனில் பிரபா தன் பொட்டலத்தைப் பிரித்தபடி சத்தமாகச் சொன்னான்: "நமக்கு இப்பதான் கிடைக்குது. ஜெர்மனிக்காரனுக்கு முன்னாடியே பொரி போயாச்சு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சுந்தரமும் சிரித்தார். நான் அதைப் பார்த்தேன். ஆன்ட்டியும் பார்த்தார்.

அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து செக்யூரிட்டி அறைக்குப் போனார். நானும் போனேன். மேடைக்கு மேல் இருக்கிற கேமராவின் பதிவைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார். காலை லோடிங் தெளிவாக இருந்தது. பிறகு திரை முழுக்கப் பச்சை. தூணில் கட்டிய வாழைக்கன்றின் இலை கேமராவுக்கு நேராக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. இலை ஆடும் இடைவெளியில் ஒரு முழங்கை, ஒரு பெட்டியின் மூலை. கடைசி வரிசை ஏறியதோ கதவு சாத்தியதோ தெரியவில்லை. மஞ்சள் கோடு வரையத் தோன்றிய எங்கள் யாருக்கும் வாழை இலை தோன்றவில்லை.

ஆன்ட்டி சுந்தரத்தை வரச் சொன்னார்.

"உள்ள ஏதாவது வெச்சியா?"

"இல்லம்மா."

"பிரபா சொன்னானே?"

"அவன் வாயி அப்படித்தானே. சும்மா கலாய்க்கறான்."

"நீயும் சிரிச்சியே."

"எல்லாரும் சிரிச்சாங்க, சிரிச்சேன்." அவர் குரலில் இன்னும் விளையாட்டுத்தான் இருந்தது. பிறகு ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு போய்விட்டது. "வெக்கலம்மா. உங்ககிட்ட சொன்னேனே."

"சரி, நீ போ" என்றார் ஆன்ட்டி.

அவர் போன பிறகு நான், "அவர்தான் இல்லைனு சொல்றாரே ஆன்ட்டி" என்றேன்.

"வெச்சிருந்தாலும் இல்லைனுதான் சொல்வான். எனக்குக் கஷ்டம் வரக் கூடாதுனு சொல்வான். அவனை எனக்குத் தெரியும்." திரையில் அந்த இலை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க போய்ப் பிரிச்சுப் பார்த்து முடிச்சு கிடைச்சா, கம்பெனி பேரு கெடும், அது வேற. முதல்ல கேக்கறது யார் லோடு பண்ணதுனு. சுந்தரத்தோட பேருதான் போகும். பொறுப்பேத்தது நான். அவனை நானே வேலையை விட்டு எடுக்கணும்."

முதலாளி ஸ்ரீகண்டனின் அறைக்குப் போனார். நான் வெளியே நின்றேன். கதவு திறந்தேதான் இருந்தது. மூன்று தலைமுறையாக பெங்களூர்க்காரர்கள் ஸ்ரீகண்டனின் குடும்பம். அவசரமென்றால் பாதிப் பேச்சு கன்னடத்தில் வரும்.

"சந்தேகமா, நிச்சயமா?" என்று கேட்டார்.

"சந்தேகம்தான் சார்."

"திருப்பினா கப்பல் போயிடும், கொத்தா?"

"தெரியும் சார்."

"கஸ்டம்ஸ் ஆபீசர்ஸ் விசிட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இந்த நேரத்துல நாமே சீல் உடைக்கறதா?" அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நோடி கேத்தரின், மேனுவல்ல என்ன எழுதியிருக்கீங்க?"

"சந்தேகம் வந்தா வண்டிய நிறுத்தணும்னு."

"அப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

நாகேஷ் இன்னும் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டவில்லை. போனில் அவர் குரல் எனக்கே கேட்டது. "யாக்கே, ஏன் மேடம்? நீங்க கை வெச்சீங்கல்ல?" ஆன்ட்டி திரும்பி வாங்க என்று மட்டும் சொன்னார். சுங்க அலுவலகத்துக்குப் போன் செய்து, மெயிலும் அனுப்பினார்.

வண்டி வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. குடும்பங்கள் பாதி போயிருந்தன. மீதிப் பேர், வண்டி திரும்பி வருகிறது என்ற செய்தி கேட்டு நின்றுவிட்டார்கள். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்புஜம் அரக்கு நிறச் சேலையில், மகளின் கையைப் பிடித்தபடி இருந்தார். கழுத்தில் அட்டை. ஓசூர் பக்கம் மழை போலிருக்கிறது, கன்டெய்னர் நனைந்திருந்தது. தாழ்ப்பாள் கம்பியின் கீழே குங்குமம் கரைந்து ஒரு சிவப்புக் கோடாக இறங்கியிருந்தது.

சீலைக் கட்டரால் வெட்டினார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். வாழைக்கன்றைக் கழற்றிவிட்டதால் கேமராவும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரபா ஃபோர்க்லிஃப்டில் ஏறவில்லை. "மேடம், நான் சும்மா சொன்னது. சத்தியமா. ஜோக்கு" என்று ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டே நின்றான். ஆன்ட்டி, "இறக்கு" என்றார்.

முதல் வரிசை இறங்கியது. பின்னால் ஒன்றும் இல்லை. "போதுமே கேத்தரின்" என்றார் ஸ்ரீகண்டன் தாழ்ந்த குரலில்.

சுந்தரம் அதைக் கேட்டார். "போதாது சார்" என்றார். புதுச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குக் கை காட்டினார். அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு பலகையாக மொத்தமும் வெளியே வந்து மேடை நிறைந்தது. காலியான கன்டெய்னருக்குள் சுந்தரம் மட்டும் விளக்குமாறோடு போய், உள்முனையிலிருந்து வாசல் வரை பெருக்கிக்கொண்டு வந்தார். மரத்தூள், ஒரு பிளாஸ்டிக் பட்டையின் துண்டு. அதைக் கையில் எடுத்து ஆன்ட்டியிடம் காட்டினார்.

"தரைப் பலகையைப் பேத்துப் பாக்கணும்னா பேத்துடலாம், மேடம்."

இத்தனை வருடத்தில் அவர் ஆன்ட்டியை அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"வேண்டாம் சுந்தரம்" என்றார் ஆன்ட்டி. கோட்டுக்கு அப்பால் அம்புஜம் மகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். அட்டையைக் கழற்றிக் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி ஏற்றினார்கள். புதுச் சீல், புது எண். அந்தக் கப்பல் கிடைக்கவில்லை, அடுத்ததில் போனது.

அதிகாரிகள் வந்தார்கள். வேலி, கேமரா, பதிவுகள் எல்லாம் பார்த்தார்கள். பெட்டியைத் திருப்பிய சம்பவத்தை ஆன்ட்டி மறைக்கவில்லை. நான்தான் அதை டைப் செய்தேன். அந்தப் பக்கத்தை ஒரு அதிகாரி அதிக நேரம் படித்தார். வெறும் சந்தேகத்தில் வண்டியைத் திருப்பி, தன் ஆளையே சோதித்த கம்பெனியை அதிகம் பார்த்ததில்லை என்று பாராட்டினாராம். சான்றிதழ் வந்தது. ஜெர்மனி ஒப்பந்தமும் கைவிட்டுப் போகவில்லை. ஸ்ரீகண்டன் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து நானும் ஒரு நாள் காபி குடித்தேன்.

அதற்கு முன்பே சுந்தரம் ரப்பர் கலக்குகிற பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். சூடும் கரிப்பொடியுமான இடம், இந்த வயதில் யாரும் விரும்பிப் போகிற வேலை இல்லை. சரக்கைத் தொடலாம் என்கிற பெயர்ப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ஆன்ட்டி எடுக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டுப் பேசினார்.

கடைசி முறை அத்திபெலே பஸ் நிறுத்தத்தில். ஏதோ வேலையாகப் போன நானும் கூட இருந்தேன். சுந்தரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகக்கண்களில் கரி.

"உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணேன்" என்றார் ஆன்ட்டி. "அங்க போய் ஏதாவது ஆயிருந்தா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் என்ன? திரும்பி வா. சந்தேகம் வந்தது, கேட்டேன். கேட்டது தப்பா?"

"கேட்டது தப்பில்ல. யார் வேணா கேக்கலாம். கேட்டீங்க, இல்லைனு சொன்னேன்." அவர் சைக்கிள் மணியைத் துணியால் துடைத்தார், அதில் ஒன்றும் இல்லை. "அதுக்கப்புறம்தானே வண்டியத் திருப்பினீங்க."

ஆன்ட்டி பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீட்ல பொண்ணு கேட்டுச்சு, நீ வெச்சியாப்பானு. அதுகிட்டயும் இல்லைனு சொன்னேன்" என்றார் சுந்தரம். "பஸ் வருது, ஏறிக்கோங்க மேடம்."

ஏறினோம். ஓசூர் ரோடு நெடுக ஆன்ட்டி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் என்னிடம், "இன்னொரு தடவை அப்படி வந்தாலும் நான் திருப்பத்தான் செய்வேன்" என்றார். ஆடுகோடி நெருங்கும்போது, "அதுதான் என்னால தாங்க முடியல" என்றார்.

மேடையில் இப்போது வேறொரு மேஸ்திரி. வேகமானவர். போன வாரம் நான் போனபோது ஒரு பெட்டி கிளம்பியது. ஆன்ட்டி சீலைப் பூட்டி, எண்ணைப் படித்து, போட்டோ எடுத்துவிட்டு ஒதுங்கினார். நாகேஷ் வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் கை கொஞ்சம் உயர்ந்தது. போகலாம் என்று சைகை காட்டிவிட்டு இறங்கியது.